‘எம்.டி. இருக்க டி.ஓ. எதற்கு?’: ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரி நேர்காணல்கள்

செப்டம்பர் பிறந்துவிட்டால் எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். பெரும்பாலும் தமிழ்ப் பள்ளியில் பழக்கமான குடும்பங்கள். "பையனுக்கு மெடிக்கல் காலேஜ் இன்டர்வியூ வந்திருக்கு, டி.ஓ. காலேஜ். நீங்க ஒரு தடவை அவன்கிட்ட பேசிப் பாருங்களேன்" என்பார்கள். குரலில் சந்தோஷம் பாதி, தயக்கம் பாதி. அந்தத் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். என் வீட்டிலும் அது இருந்தது.

நான் ஒஹாயோவில் குடும்ப மருத்துவத்தில் ரெசிடென்சி, அதாவது பட்டத்துக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சி, செய்துகொண்டிருக்கிறேன். பெயருக்குப் பின்னால் டி.ஓ. என்றுதான் போட்டுக்கொள்கிறேன். விண்ணப்பதாரராக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். நான்காம் வருட மாணவியாக இருந்தபோது, கேள்வி கேட்கும் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் கல்லூரியில் நேர்காணல் குழுவில் மாணவர் ஒருவரைச் சேர்த்துக்கொள்வார்கள். போனில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதை ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்றுதான் இதைத் தொடங்கினேன்.

முதலில் ஊரில் இருப்பவர்களுக்காக ஒரு விளக்கம். அமெரிக்காவில் மருத்துவராவதற்கு இரண்டு பட்டங்கள் உண்டு. ஒன்று எம்.டி., மற்றொன்று டி.ஓ., அதாவது ஆஸ்டியோபதி மருத்துவம். இரண்டுக்கும் நான்கு ஆண்டுப் படிப்பு. இரண்டு பேரும் மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம், எந்தத் துறைக்கும் போகலாம். 2020 ஜூன் மாதத்திலிருந்து ரெசிடென்சி பயிற்சிகளும் ஒரே அமைப்பின் கீழ் வந்துவிட்டன. என் ரெசிடென்சியில் எம்.டி.யும் டி.ஓ.வும் ஒரே நைட் டியூட்டி அட்டவணையில்தான் இருக்கிறோம். இன்று இந்த நாட்டில் மருத்துவம் படிப்பவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் டி.ஓ. கல்லூரியில் படிக்கிறார்கள். டி.ஓ. மாணவர்கள் கூடுதலாகச் சுமார் 200 மணி நேரம், கைகளால் உடலைத் தொட்டுப் பார்த்து, தசையையும் மூட்டையும் சரிசெய்யும் பயிற்சி பெறுகிறார்கள். இங்கிலாந்திலோ ஆஸ்திரேலியாவிலோ ஆஸ்டியோபத் என்றால் கையால் சிகிச்சை தருபவர் மட்டும்தான். அவர் மருத்துவர் அல்ல. குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. நான் முதன்முதலில் வீட்டில் சொன்னபோது அப்பா நிதானமாகக் கேட்டார்: "நம்ம புத்தூர் கட்டு மாதிரியா பாப்பா?" தூத்துக்குடியில் துறைமுகக் கணக்கு வேலையை விட்டுவிட்டு, அத்தை ஸ்பான்சர் செய்த பச்சை அட்டையில் வந்து, கொலம்பஸில் ஒரு கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மனிதர். அவருக்குத் தெரிந்ததை வைத்துக் கேட்டார். உட்கார்ந்து விளக்கினேன். புரிந்துகொண்டார்.

விண்ணப்ப முறையைப் பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. மே மாதம் ஆகோமாஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் திறக்கும். டெக்சஸ் அரசுக் கல்லூரிகளுக்குத் தனித் தளம் உண்டு. விண்ணப்பம் போட்டபின், ஒவ்வொரு கல்லூரியும் தன் பங்குக்கு ஒரு செகண்டரி விண்ணப்பம் அனுப்பும், கட்டணத்தோடு. அதிலும் தேறினால் ஆகஸ்ட், செப்டம்பரிலிருந்து நேர்காணல் அழைப்பு. இடங்கள் நிரம்ப நிரம்பக் குறைந்துகொண்டே வரும் என்பதால் செப்டம்பரில் போகிறவருக்கும் மார்ச்சில் போகிறவருக்கும் முன்னால் இருக்கும் இடங்கள் ஒன்றல்ல. இதைப் பிள்ளைகள் தெரிந்துவைத்திருக்கிறார்கள். பெற்றோர்கள்தான் "இன்னும் கொஞ்சம் நல்லா எழுதிட்டு அனுப்பலாமே" என்று தள்ளிப்போடச் சொல்கிறார்கள்.

அழைப்பு வந்துவிட்டது என்றால், உங்கள் மதிப்பெண்களோடு உங்களைச் சேர்த்துக்கொள்ள அவர்கள் தயார் என்று அர்த்தம். மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டில் 528க்கு 504 எடுத்தவர், 512 எடுத்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். நர்ஸாகப் பத்து வருடம் வேலை பார்த்தவர், ராணுவத்திலிருந்து வந்தவர், இரண்டு பிள்ளைகளின் தாய் என்று பலரும் இருப்பார்கள். டி.ஓ. கல்லூரிகள் இரண்டாம் வாய்ப்பு கொடுப்பதில் பெயர் பெற்றவை. 2017 வரை, ஒரு பாடத்தைத் திரும்பப் படித்தால் பழைய மதிப்பெண்ணை நீக்கிவிட்டுப் புதியதை மட்டும் கணக்கில் எடுக்கும் வழக்கமே ஆகோமாஸில் இருந்தது. அந்த விதி போய்விட்டாலும் அந்த மனம் பல கல்லூரிகளில் இன்னும் இருக்கிறது. ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் சி வாங்கியதைப் பற்றி நிச்சயம் கேட்பார்கள். என்ன நடந்தது, அதற்குப் பிறகு என்ன மாற்றிக்கொண்டீர்கள் என்று இரண்டு மூன்று வாக்கியங்களில் சொன்னால் போதும், அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

அவர்கள் விடாமல் பிடித்துக்கொள்ளும் கேள்வி வேறு. "ஏன் டி.ஓ.?"

எந்தக் கல்லூரிக்குப் போனாலும், எந்த வடிவத்தில் நேர்காணல் நடந்தாலும், இது வந்தே தீரும். ஒரு சிலர் நேராகக் கேட்பார்கள். ஒரு சிலர் சுற்றி வளைத்து, "டி.ஓ. மருத்துவர் யாருடனாவது இருந்து பார்த்திருக்கிறாயா?" என்பார்கள். "எம்.டி. கல்லூரிகளுக்கும் போட்டிருக்கிறாயா?" என்பார்கள். ஓர் இடத்தில் என்னிடம், "நாளைக்கே ஒரு எம்.டி. கல்லூரி இடம் கொடுத்தால் எங்கள் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவாயா?" என்று கேட்டார்கள். கேட்டவர் சிரிக்கவில்லை.

ஒரு கல்லூரிச் சேர்க்கையில் இவ்வளவு சூடு எதற்கு என்று அன்று புரியவில்லை. இந்தத் தொழிலின் கதையைப் படித்த பிறகுதான் புரிந்தது. நேர்காணலுக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளையும் இதைப் படித்துவிட்டுப் போக வேண்டும் என்பேன்.

ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பவர் அமெரிக்க எல்லைப்புறத்தில் வைத்தியம் பார்த்தவர், உள்நாட்டுப் போரில் பணியாற்றியவர். 1864இல் மூளைச்சவ்வுக் காய்ச்சல் அவர் வீட்டுப் பிள்ளைகள் மூவரைக் கொண்டுபோனது. பாதரசக் கலவையும் ரத்தம் எடுப்பதும் மருத்துவமாக இருந்த காலம் அது. அன்றைய மருந்துகள் மேல் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. பத்து ஆண்டு கழித்து, 1874இல், உடலின் அமைப்பைச் சரிசெய்தால் உடல் தன்னைத் தானே மீட்டுக்கொள்ளும் என்ற தன் கொள்கையை அறிவித்தார். 1892இல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் என்ற சிற்றூரில் முதல் பள்ளியைத் தொடங்கினார். முதல் வகுப்பிலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டார். அந்தக் கல்லூரி இன்றும் அதே ஊரில் அவர் பெயரிலேயே இருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்தது நீண்ட போராட்டம். மாநிலம் மாநிலமாகப் போய் உரிமை கேட்டார்கள். ராணுவ மருத்துவப் படையில் டி.ஓ.க்களை மருத்துவர்களாகச் சேர்க்க 1966 வரை ஆனது, அதுவும் வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தபோது. கடைசி மாநிலமாக மிசிசிப்பி முழு உரிமை கொடுத்தது 1973இல். எல்லாவற்றையும்விட என் மனத்தில் நிற்பது கலிபோர்னியா. 1962இல் அங்கே டி.ஓ.க்களுக்கு ஓர் ஏற்பாடு செய்தார்கள்: 65 டாலர் கட்டினால் உங்கள் பட்டத்தை எம்.டி.யாக மாற்றிக்கொள்ளலாம். சுமார் 2,000 பேர் மாற்றிக்கொண்டார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த ஆஸ்டியோபதிக் கல்லூரி எம்.டி. கல்லூரியாக மாறி, பின்னர் அர்வைன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. அந்த மாநிலத்தில் புதிதாக எந்த டி.ஓ.வுக்கும் உரிமம் கிடையாது என்று சட்டம் வந்தது. 1974இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் சொல்லித்தான் மறுபடி உரிமம் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கும் எழுபது வயதுப் பேராசிரியர், அவர் படித்த காலத்தில் பல மருத்துவமனை வாசல்களில் ஏளனத்தைச் சந்தித்தவராக இருக்கலாம். தன் சக மருத்துவர்கள் 65 டாலருக்குப் பட்டத்தை மாற்றிக்கொண்ட கதையைக் கேட்டு வளர்ந்தவராக இருக்கலாம். "ஏன் டி.ஓ.?" என்று அவர் கேட்கும்போது, நீயும் வாய்ப்புக் கிடைத்தால் போய்விடுவாயா என்ற பழைய காயம் அதற்குள் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டவர் அந்தக் கேள்வியைக் கண்டு பயப்பட மாட்டார், கோபப்படவும் மாட்டார்.

அதே நேரத்தில் ஒன்று சொல்ல வேண்டும். விண்ணப்பிக்கிறவர்களில் ஏராளமானோர் இரண்டு பக்கமும் போடுகிறார்கள். கல்லூரிகளுக்கும் தெரியும். தெரிந்தும், "உங்கள் கல்லூரிதான் என் முதல் கனவு" என்று ஒரு இருபத்திரண்டு வயதுப் பிள்ளையைச் சொல்ல வைப்பது சரியில்லை. என்னிடம் பேச வருகிறவர்களுக்கு நான் சொல்வது: கேட்டால் உண்மையைச் சொல். "ஆமாம், இரண்டுக்கும் போட்டிருக்கிறேன். மருத்துவராவதுதான் என் நோக்கம். இங்கே எதற்காக வர விரும்புகிறேன் என்றால்..." என்று தொடர். அந்த "எதற்காக" உன்னுடையதாக இருக்க வேண்டும்.

பெரும்பாலான பதில்கள் அப்படி இருப்பதில்லை. குழுவில் உட்கார்ந்திருந்தபோது ஒரே நாளில் திரும்பத் திரும்பக் கேட்டது: உடல், மனம், ஆன்மா மூன்றும் ஒன்று, உடலுக்குத் தன்னைக் குணப்படுத்தும் ஆற்றல் உண்டு, அமைப்பும் செயலும் ஒன்றையொன்று சார்ந்தவை, இவற்றைப் புரிந்து சிகிச்சை தர வேண்டும். ஆஸ்டியோபதியின் நான்கு கொள்கைகள். தெரிந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் கேட்கிறவர்கள் அதை வருடக்கணக்காகப் பாடம் நடத்துகிறவர்கள். அவர்களிடம் அதையே ஒப்பித்தால், அடுத்து என்ன என்ற முகத்தோடு பார்ப்பார்கள்.

இதைவிட மோசமான பதில் ஒன்று உண்டு. "எம்.டி.க்கள் நோயை மட்டும் பார்க்கிறார்கள், டி.ஓ.க்கள் மனிதரைப் பார்க்கிறார்கள்." இது உண்மை இல்லை. என்னுடன் வேலை பார்க்கும் எம்.டி. ஒருவர், மூச்சுத் திணறலோடு வந்த பாட்டியின் வீட்டில் ஹீட்டர் வேலை செய்கிறதா என்று விசாரிக்காமல் டிஸ்சார்ஜ் எழுத மாட்டார். நேர்காணல் குழுவிலேயே எம்.டி. பேராசிரியர் இருக்கலாம், பல கல்லூரிகளில் இருக்கிறார்கள். அடுத்தவரைத் தாழ்த்தி நம்மை உயர்த்தும் பதிலை ஒருவரும் ரசிப்பதில்லை.

நான் என்ன சொன்னேன் என்று எல்லோரும் கேட்கிறார்கள். சொல்கிறேன். அதை அப்படியே எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

கல்லூரி முடித்த வருடம், தெற்கு ஒஹாயோவில் ஒரு சிறிய ஊரில் வயதான டி.ஓ. ஒருவரின் கிளினிக்கில் கூடவே நின்று பார்க்க அனுமதி கிடைத்தது. ஒரு நாள் லாரி ஓட்டுநர் ஒருவர் வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், பெரிய உடம்பு. இடுப்புவலி. டாக்டர் அவரைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்தார். இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் சின்னக் குழி மாதிரி தெரியுமே, அங்கே துருத்தும் எலும்பு முனைகளுக்கு அடியில் இரண்டு கட்டைவிரல்களையும் வைத்தார். "மெதுவாகக் குனியுங்கள்." அவர் குனியக் குனிய, வலது கட்டைவிரல் இடதைவிட மேலே ஏறியது. என்னைக் கூப்பிட்டு என் விரல்களை அதே இடத்தில் வைக்கச் சொன்னார். என் விரலுக்கு அடியிலும் அது ஏறியது. அந்தப் பக்க மூட்டு இயல்பாக நகராமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம்.

பிறகு அவரைப் படுக்க வைத்து, காலை ஒரு நிலையில் பிடித்துக்கொண்டு, "என் கையை எதிர்த்துத் தள்ளுங்கள்" என்றார். சில நொடி. "விடுங்கள்." தசை தளர்ந்ததும் காலை இன்னும் சற்றுத் தூரம் கொண்டுபோனார். மறுபடி தள்ளச் சொன்னார். சில முறை இப்படியே. இதற்கு நடுவில் அந்த ஓட்டுநர் பேச ஆரம்பித்தார். ஒருவரும் கேட்கவில்லை. சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். மெட்ஃபார்மின் போட்டால் வயிறு கலக்கிப் போகிறது, நெடுஞ்சாலையில் எங்கே போய் லாரியை நிறுத்துவது என்றார். நான்கு மாதமாகச் சாப்பிடவில்லையாம். போன தடவை ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை ஏன் ஏறியது என்பதற்கான விடை அங்கே இருந்தது. டாக்டர் கையை எடுக்காமலேயே, மெதுவாகக் கரையும் வகை ஒன்று இருக்கிறது, அது வயிற்றை இவ்வளவு படுத்தாது, ராத்திரி சாப்பாட்டோடு போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார்.

மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, கம்ப்யூட்டரைப் பார்த்தபடி, "மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டிருந்தால் அவர் "ஆமாம்" என்றுதான் சொல்லியிருப்பார். நான் சொன்ன பதில் இதுதான்: தொட்டுச் சிகிச்சை செய்யும் அந்தப் பத்து நிமிடத்தில் மனிதர்கள் பேசுவதைப் பார்த்தேன், அந்தப் பத்து நிமிடம் எனக்கும் வேண்டும்.

உடனே அடுத்த கேள்வி வந்தது. "இதை ஒரு எம்.டி. செய்ய முடியாதா?" இந்தத் தொடர் கேள்வி ஏறக்குறைய எல்லா இடத்திலும் வரும். "முடியும். பொறுமையாக உட்கார்ந்து பேசும் எந்த மருத்துவரும் இதைத் தெரிந்துகொள்வார். ஆனால் அந்தக் கைப்பயிற்சியை முறையாகக் கற்றுத்தருவது இங்கேதான்" என்றேன். அதோடு விட்டார்கள்.

இன்னோர் இடத்தில் வேறு மாதிரி சோதித்தார்கள். "ஆஸ்டியோபதியில் நீ நம்பாத ஏதாவது உண்டா?" கீழ்முதுகு வலிக்குக் கைச்சிகிச்சை உதவுகிறது என்பதற்கு ஆய்வுகள் இருக்கின்றன, மண்டையோட்டு எலும்புகளின் அசைவை வைத்துச் செய்யும் கிரேனியல் முறைக்கு அப்படிப்பட்ட சான்று இல்லை என்று நான் படித்ததைச் சொன்னேன். கேட்டவர் அந்தத் துறையையே கற்பிப்பவர். அவர் தன் அனுபவத்தைச் சொன்னார், நான் கேட்டுக்கொண்டேன். அந்தக் கல்லூரியிலிருந்து எனக்குச் சேர்க்கைக் கடிதம் வந்தது. மரியாதையோடு மாறுபட முடியுமா என்று பார்த்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

நேர்காணல் நாள் எப்படி இருக்கும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். 2020இல் கொரோனா வந்ததும் எல்லாம் ஸூமுக்குப் போனது. பல கல்லூரிகள் இன்னும் அப்படியே வைத்திருக்கின்றன, சில நேரில் கூப்பிடுகின்றன. விமானம், ஹோட்டல், கோட்டு என்று செலவாகும் காசு ஸூமில் மிச்சம். எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் கல்லூரியைக் கண்ணால் பார்க்காமல் நான்கு வருடத்தை முடிவு செய்வது கஷ்டம். நேரில் போக முடிந்தால் போங்கள்.

நேரில் போன ஓர் இடத்தில், எங்களைக் கைச்சிகிச்சைப் பயிற்சிக்கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். நீளமான கூடம், வரிசை வரிசையாகப் படுக்கைகள். இரண்டாம் வருட மாணவி ஒருத்தி மேஜையில் காகிதக் கட்டு ஒன்றை வைத்தாள். அதற்கடியில் எங்கோ அவளுடைய தலைமுடி ஒன்று இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு விரல்நுனியால் கண்டுபிடியுங்கள் என்றாள். ஒரு தாளுக்கடியில் எல்லோருக்கும் கிடைத்தது. தாள்களைக் கூட்டக் கூட்ட ஒவ்வொருவராகக் கையை எடுத்துவிட்டோம். விரலை அழுத்தினால் முடி மறைந்துவிடுகிறது, லேசாக வைத்தால்தான் தெரிகிறது. அந்த மாணவி தாள்களை மேலும் மேலும் அடுக்கியும் சரியாகத் தொட்டாள். பயிற்சியில் வந்தது என்றாள். சிற்றேடுகளில் படித்த எதையும்விட அந்த இரண்டு நிமிடம் எனக்கு அதிகம் சொல்லியது.

கேள்விகள் நடக்கும் வடிவம் மூன்று வகை. வழக்கமான வகையில் ஒருவரோ இருவரோ எதிரே இருப்பார்கள், அரை மணி நேரம் பேச்சு. உங்கள் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு வருவார்கள், அல்லது வேண்டுமென்றே படிக்காமல் வருவார்கள். படிக்காமல் வருபவரிடம் "என் கட்டுரையில் எழுதியபடி" என்று ஆரம்பித்தால் நின்றுபோகும். முழுக் கதையும் சொல்ல வேண்டும்.

இரண்டாவது எம்.எம்.ஐ., அதாவது பல சிறு நேர்காணல்களின் தொடர். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை. வரிசையாக அறைகள். கதவுக்கு வெளியே ஒரு தாளில் ஒரு சூழ்நிலை எழுதியிருக்கும். படிக்க இரண்டு நிமிடம், மணி அடித்ததும் உள்ளே போய்ச் சில நிமிடம் பேச வேண்டும், மறுபடி மணி, அடுத்த கதவு. உடன் படிக்கும் நண்பன் தேர்வில் பார்த்து எழுதியது தெரிந்தால் என்ன செய்வாய்? தடுப்பூசி வேண்டாம் என்று சொல்லும் தாயிடம் எப்படிப் பேசுவாய்? ஓர் அறையில் நடிகர் ஒருவர் கோபமான நோயாளியாக உட்கார்ந்திருப்பார். ஒரு கதவில் சொதப்பினாலும் அடுத்த கதவில் இருப்பவருக்கு அது தெரியாது என்பதுதான் இதன் நல்ல குணம். நம் பிள்ளைகள் இதில் செய்யும் தவறு, சரியான விடை ஒன்று இருப்பதாக நினைத்து அதைத் தேடி ஓடுவது. சாதகம், பாதகம், முடிவு என்று அடுக்கிவிட்டு நிறுத்துவார்கள். அந்த நண்பனிடம் முதலில் போய்ப் பேசுவேன், அவனுக்கு வீட்டில் என்ன பிரச்சினையோ என்று சொல்ல மறந்துவிடுவார்கள். நிஜத்தில் அப்படித்தான் செய்வார்கள், நேர்காணலில் மட்டும் நீதிபதியாகிவிடுகிறார்கள்.

மூன்றாவது குழு நேர்காணல். இரண்டு மூன்று விண்ணப்பதாரர்களை ஒன்றாக உட்கார வைத்து ஒரே கேள்வியை வரிசையாகக் கேட்பார்கள். முதல் இருவர் நீங்கள் நினைத்ததையெல்லாம் சொல்லிவிடுவார்கள். குழுவில் மாணவியாக இருந்தபோது நான் கவனித்தது, தன் முறை வராதபோது ஒருவர் என்ன செய்கிறார் என்பதைத்தான். ஆம்புலன்ஸில் பாராமெடிக்காக வேலை பார்த்துவிட்டு வந்திருந்த ஒருவர் நினைவுக்கு வருகிறார். அவருக்கு முன்னால் பேச வேண்டிய பெண் பாதியில் நின்றுவிட்டார், கண் கலங்கிவிட்டது. இந்த மனிதர் மேஜையில் இருந்த தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, எங்களைப் பார்த்து, "அவருக்கு ஒரு நிமிடம் கொடுங்கள், நான் முதலில் சொல்கிறேன்" என்றார். அந்தப் பெண் பிறகு நன்றாகப் பேசினார். என் மதிப்பெண் தாளில் பேச்சுத்திறன், நோக்கம், ஆஸ்டியோபதி அறிவு, முதிர்ச்சி என்று கட்டங்கள் இருந்தன. இருவருக்குமே நான் நல்ல மதிப்பெண் கொடுத்தேன்.

நம் பிள்ளைகளுக்கு மட்டும் வரும் ஒரு கேள்வியைப் பற்றியும் எழுத வேண்டும். "மருத்துவம் படிப்பது உன் விருப்பமா, உன் பெற்றோர் விருப்பமா?" இந்தியப் பெயரைப் பார்த்ததும் இது வருகிறது. ஓர் இடத்தில் என்னிடம் கேட்டார்கள். கூட இருந்த வெள்ளைக்கார மாணவரிடம் கேட்கவில்லை. அவருடைய அப்பாவும் தாத்தாவும் மருத்துவர்கள். அன்று எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் அந்தக் கேள்வி நியாயமானது என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் அது வரும் என்று தெரிந்து போவது நல்லது. நான் சொன்னேன்: "என் அப்பாவுக்கு நான் என்ன படிக்கிறேன் என்பதைவிட, ராத்திரி வேலைக்குப் பஸ்ஸில் போக வேண்டாம் என்பதுதான் கவலை. கல்லூரிக் காலத்தில் முதியோர் இல்லத்தில் உதவியாளராக ராத்திரி வேலை பார்த்தேன். அங்கேதான் முடிவு செய்தேன்." படுத்த படுக்கையாக இருந்த ஒருவருக்குப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட்டதைச் சொன்னேன். அதன்பின் அவர்கள் பெற்றோரைப் பற்றிப் பேசவில்லை.

உங்கள் பெற்றோர் உண்மையிலேயே தள்ளியிருந்தால்? அப்படியும் சிலர் என்னிடம் வருகிறார்கள். அவர்களிடம் நான் நேர்காணல் பயிற்சி செய்வதில்லை. தேநீர் போட்டுக்கொடுத்து வேறு பேச்சுப் பேசுகிறேன்.

கிராமப்புற மருத்துவர்களை உருவாக்குவதற்காகவே தொடங்கிய டி.ஓ. கல்லூரிகள் பல. கென்டக்கி மலைப்பகுதியில் பைக்வில், மேற்கு வர்ஜீனியாவில் லூயிஸ்பர்க் போன்ற ஊர்களில் இருக்கின்றன. ஓக்லஹோமாவின் டாலக்வாவில், செரோக்கி பழங்குடியினரின் நிலத்தில் 2020இல் ஒரு டி.ஓ. கல்லூரி வளாகம் தொடங்கியது. இங்கெல்லாம் "எங்கள் ஊரில் இருப்பாயா?" என்று கேட்பார்கள். அது சம்பிரதாயத்துக்குக் கேட்பது இல்லை. அந்த ஊரில் பிரசவம் பார்க்க ஆள் கிடையாது, அதனால் கேட்கிறார்கள். கோவிலும் மளிகைக் கடையும் இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஊரில் நான்கு குளிர்காலம் தள்ள முடியுமா என்று வீட்டிலேயே யோசித்துவிட்டு விண்ணப்பியுங்கள். இருக்க முடியாது என்றால் அந்த இடத்தை அந்த மலையில் பிறந்த ஒரு பிள்ளைக்கு விட்டுவிடுவதுதான் நியாயம்.

கடைசியில் எப்போதும் "எங்களிடம் ஏதாவது கேட்க விரும்புகிறாயா?" என்பார்கள். இந்த இடத்தில்தான் நம் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். "எல்லாம் சொல்லிவிட்டீர்கள், நன்றி" என்று எழுந்து வந்துவிடுகிறார்கள். கேளுங்கள், உங்கள் பணம், உங்கள் நான்கு வருடம். பல டி.ஓ. கல்லூரிகளுக்குச் சொந்த மருத்துவமனை கிடையாது. மூன்றாம் வருடம் உங்களை வேறு ஊருக்கு, ஏன், வேறு மாநிலத்துக்கே அனுப்புவார்கள். எங்கே, யார் முடிவு செய்வார்கள், அங்கே ரெசிடென்ட்கள் இருக்கிறார்களா, குலுக்கல் முறையா என்று கேளுங்கள். டி.ஓ.க்களுக்கான உரிமத் தேர்வான காம்லெக்ஸில் முதல் முறையே தேறுகிறவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். எம்.டி. மாணவர்கள் எழுதும் உரிமத் தேர்வான யு.எஸ்.எம்.எல்.இ.யும் எழுத விரும்பினால் படிக்க நேரம் கொடுப்பார்களா என்று கேளுங்கள். கடந்த ஆண்டு ரெசிடென்சி கிடைக்காமல் போனவர்களுக்குக் கல்லூரி என்ன செய்தது என்றும் கேளுங்கள். பச்சை அட்டை இன்னும் வராமல் பெற்றோரின் விசாவில் இருக்கும் பிள்ளைகள், விண்ணப்பம் போடும் முன்பே ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிடுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்களைச் சேர்க்கும் டி.ஓ. கல்லூரிகள் சிலவே. செகண்டரி கட்டணம் கட்டிய பிறகு இதைத் தெரிந்துகொண்டு அழுத பிள்ளையைப் பார்த்திருக்கிறேன்.

அதன்பின் காத்திருப்பு. டி.ஓ. கல்லூரிகளில் சில, ஒன்றிரண்டு வாரத்திலேயே முடிவு சொல்லிவிடும். சில மாதக்கணக்கில் இழுக்கும். வெயிட்லிஸ்டில் இருந்து ஜூலையில், வகுப்பு தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது கூப்பிட்ட கதையும் உண்டு. சேர்க்கைக் கடிதம் வந்ததும் முன்பணம் கேட்பார்கள். ஆயிரம் டாலர், இரண்டாயிரம் டாலர், சில இடங்களில் இன்னும் மேலே. பல கல்லூரிகளில் திரும்ப வராது. எம்.டி. பக்கமிருந்து பதில் வருவதற்கு முன்பே இங்கே கட்டியாக வேண்டிய தேதி வந்துவிடும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை இரண்டு இடங்களில் கட்டி வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கும். கிடங்கில் வேலை பார்ப்பவரின் மகளால் அது முடியாது. தனியார் கல்லூரிகள் பலவற்றில் ஆண்டுக் கட்டணமே 50,000 டாலருக்கு மேல் இருக்கும்போது, இந்த முன்பணத்தை இருநூறு முந்நூறு டாலராகக் குறைப்பதால் ஒரு கல்லூரியும் நொடித்துப்போகாது. இரண்டாம் வாய்ப்பு கொடுப்பதில் பெருமைப்படுகிற கல்லூரிகள் இதையும் செய்ய வேண்டும். குழுவில் இருந்த வருடம் இதை எழுதிக் கொடுத்தேன். அடுத்த முறை முன்னாள் மாணவர் கூட்டத்திலும் எழுப்பப் போகிறேன்.